ஆறு புள்ளிகளில் எழுந்த தன்னம்பிக்கை: லூயி பிரெயில்



தீபாவளிச் சாமான் வாங்கப் பந்திங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிற குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸை விடுவதில்லை. புடவைக் கடை, பூக்கடை, பலகாரக் கடை என்று சுற்றும்போது, நடைபாதையில் மேடு மேடாகப் பதித்திருக்கும் மஞ்சள் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதன் வழியே வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். அப்போது நாம் என்ன செய்கிறோம்? ஒதுங்கி வழி விடுகிறோம். மனசுக்குள் ஐயோ பாவம் என்கிறோம். கொஞ்சம் இளகிய மனசுக்காரர் என்றால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கிறோம், அவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்காமலேயே.

அவர் நம்முடைய பாவத்துக்குக் காத்திருக்கும் ஆள் இல்லை. முறையாகப் பயிற்சி பெற்றவராக இருப்பார். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அதன் கர்னி பயிற்சி மையத்துக்கு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கிப் படித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மையத்தில் ஒருவர் முதலில் கற்பது பெரிய தொழில் எதுவும் இல்லை. கோல் பிடித்துத் தனியாக நடப்பது, தன் துணியைத் தானே துவைத்து மடிப்பது, அடுப்பில் கை சுடாமல் சமைப்பது, நோட்டையும் சில்லறையையும் தடவிப் பார்த்து எண்ணுவது, இவைதான் முதல் பாடங்கள். பிறகு வாசிப்பு, எழுத்து, கணினி, கைத்தொழில்.

அந்த வாசிப்புக்கும் எழுத்துக்கும் வழி திறந்தவர் ஒரு பதினைந்து வயதுப் பையன். அவனும் இதே மாதிரி ஒரு பள்ளியில் தங்கிப் படித்தவன்தான். பெயர் லூயி பிரெயில். அவருடைய பெயரை எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் வாழ்க்கையில் நடந்த போராட்டம் பலருக்குத் தெரியாது.

சேணக்காரர் வீட்டுப் பிள்ளை

பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே கூவ்ரே என்று ஒரு சிறிய கிராமம். அங்கே சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்து பிழைத்துவந்தார். மனைவி மோனிக். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டிதான் லூயி. பிறந்தது 1809 ஜனவரி 4.

மூன்று வயதில் அந்த விபத்து நடந்தது. அப்பா தோல் வெட்டும் பட்டறையில் பையன் விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா செய்வதைப் பார்த்து, தானும் ஒரு தோல் துண்டை எடுத்துக் கூரான கருவியால் குத்தப் பார்த்தான். கருவி வழுக்கிக் கண்ணில் பாய்ந்துவிட்டது. இன்றைக்கு என்றால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், மருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் கிருமி என்றால் என்ன என்றே யாருக்கும் தெரியாது. அடிபட்ட கண் சீழ் பிடித்து, அது மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் போய்விட்டது.

பெற்றோர் நினைத்திருந்தால் அவனை ஒரு மூலையில் உட்கார வைத்துச் சோறு ஊட்டியிருக்கலாம். அந்த ஊரில் யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அப்பா என்ன செய்தார் பாருங்கள். பையனுக்கு ஒரு கோல் செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி ஊர்ப் பாதைகளை அவன் தானே பழகினான். வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு வேலை இருந்ததுபோல் அவனுக்கும் வேலை இருந்தது. பலகையில் ஆணிகளை எழுத்து வடிவத்தில் அடித்து, விரலால் தடவ வைத்து, எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். கிராமத்துப் பாதிரியார் பாடம் சொன்னார். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் தெரிந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து, காதால் கேட்டே அவன் முன்னணியில் நின்றான்.

இந்த இடத்தில் நம் பெரிய புராணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனாருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கோயிலின் மேற்கில் இருந்த குளம் தூர்ந்துபோனதை அறிந்து, தானே அதைத் தோண்ட இறங்கினார். குளத்துக்குள்ளே ஒரு கம்பு, கரையிலே ஒரு கம்பு நட்டு, இடையில் கயிற்றைக் கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே போய் மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, அதே கயிற்றைப் பிடித்து மேலே வந்து கொட்டினார். கேலி செய்தவர்கள் செய்தார்கள். அவர் வேலையை நிறுத்தவில்லை. இறைவன் அவருக்குப் பார்வை கொடுத்த அற்புதத்தைச் சொற்பொழிவுகளில் கேட்டுக் கைகூப்புகிறோம். அதற்கு முன்னால் அவர் தானாக யோசித்துக் கட்டிய அந்தக் கயிற்றை மட்டும் மறந்துவிடுகிறோம். கோல் கொடுத்த அப்பாவும் கயிறு கட்டிய நாயனாரும் செய்தது ஒன்றுதான். கண் இல்லாத இடத்தில் ஒரு வழிமுறையை வைத்தார்கள்.

பாரிஸ் பள்ளியும் கனத்த புத்தகங்களும்

1819 பிப்ரவரியில், பத்து வயதில், லூயி பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசுப் பள்ளியில் சேர்ந்தான். உலகத்திலேயே இந்த வகையில் முதல் பள்ளிகளில் ஒன்று அது. 1785-இல் அதைத் தொடங்கியவர் வாலந்தீன் ஹாயி. அவர் அதைத் தொடங்கக் காரணமான சம்பவம் ஒன்று உண்டு. 1771-இல் பாரிஸ் சந்தை ஒன்றில், பார்வை இல்லாத சிலருக்குக் கோமாளிக் குல்லாவும் வேடிக்கையான கண்ணாடியும் மாட்டிவிட்டு, வாத்தியம் வாசிக்க வைத்துக் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மனம் நொந்தவர் ஹாயி. பிற்பாடு, தேவாலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பார்வையற்ற இளைஞனைத்தான் முதல் மாணவனாகச் சேர்த்து எழுத்துக் கற்பித்தார்.

பள்ளிக் கட்டடம் பழையது, ஈரம் கசிந்தது, உடம்புக்கு ஆகாதது. ஆனாலும் அங்கே இசை கற்றார்கள், பின்னலும் நெசவும் கற்றார்கள், செருப்புத் தைத்தார்கள். புத்தகங்களும் இருந்தன. ஹாயி கண்டுபிடித்த முறை இதுதான்: ஈரக் காகிதத்தில் சாதாரண எழுத்துகளையே அழுத்திப் புடைக்கச் செய்வது. ஒவ்வோர் எழுத்தும் பெரிசு. ஒரு புத்தகம் தூக்க முடியாத கனம். மாணவன் ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் தடவி, அது என்ன என்று கண்டுபிடித்து, அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும்.

இன்னொரு பெரிய குறையும் இருந்தது. அந்த முறையில் வாசிக்கத்தான் முடியும், எழுத முடியாது. பாடக்குறிப்பு எடுக்க முடியாது. அம்மாவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றாலும் இன்னொருவரிடம் சொல்லித்தான் எழுத வேண்டும். மனசில் இருப்பதையெல்லாம் இன்னொருவர் காதில் போட்ட பிறகுதான் அம்மாவுக்குப் போய்ச் சேரும் என்றால், அதில் என்ன சுதந்திரம்? ஏன் அப்படி? அந்த எழுத்து கண்ணுக்காக உண்டானது. கண் உள்ளவர்களின் எழுத்தை அப்படியே விரலுக்குக் கொடுத்தார்கள். விரலுக்கு எது தோதாக இருக்கும் என்று விரலைக் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஆறானது

1821-இல் ஷார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி ஒரு புது முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். கோடும் வளைவும் இல்லை, புடைத்த புள்ளிகள் மட்டுமே. லூயியும் கூட்டாளிகளும் அதைத் தடவிப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். புள்ளிதான் விரலுக்கு ஏற்றது. அதோடு, ஒரு சட்டமும் ஊசியும் இருந்தால் தாங்களே எழுதவும் முடியும்.

ஆனால் அதிலும் சிக்கல். பார்பியேயின் கட்டத்தில் பன்னிரண்டு புள்ளிகளுக்கு இடம். விரல் நுனி ஒரே தொடுதலில் அவ்வளவையும் உணர முடியாது. மேலும் கீழும் தடவ வேண்டும். எழுத்துக் கூட்டாமல் ஒலிகளை மட்டும் குறித்ததால் சரியான எழுத்துமுறை வரவில்லை. நிறுத்தக்குறி கிடையாது, எண் கிடையாது. பையன் போய் இந்தக் குறைகளைச் சொன்னபோது, பெரியவர் அதை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை.

லூயி சோர்ந்து போகவில்லை. பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில், ராத்திரியில், விடுமுறைக்குக் கூவ்ரே போன நாள்களில், காகிதமும் ஊசியுமாக உட்கார்ந்தான். 1824-இல், பதினைந்து வயதில், வழி பிறந்துவிட்டது. பன்னிரண்டை ஆறாகக் குறைத்தான். மேலிருந்து கீழாக மூன்று, பக்கத்தில் மூன்று. விரல் நுனிக்குள் அப்படியே அடங்கிவிடும். ஆறு புள்ளிகளில் எது புடைக்கும், எது புடைக்காது என்று மாற்றிப் போட்டால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்துக்கும், நிறுத்தக்குறிக்கும், எண்ணுக்கும், இசைக்குறிப்புக்கும் அது போதும்.

அடுக்கிய விதமும் புத்திசாலித்தனமானது. முதல் பத்து எழுத்துகள் மேலே உள்ள நான்கு புள்ளிகளுக்குள்ளேயே முடிந்துவிடும். அதே பத்து வடிவங்களின் கீழே ஒரு புள்ளி சேர்த்தால் அடுத்த பத்து எழுத்து. இரண்டு புள்ளி சேர்த்தால் அதற்கடுத்த வரிசை. பத்தைக் கற்றுக்கொண்டவனுக்கு மீதி தானாக வந்துவிடும். எழுதும்போது காகிதத்தின் பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் புடைத்த புள்ளிகளை இடமிருந்து வலமாக வாசிக்கலாம். யோசித்துப் பாருங்க, பட்டறையில் கண்ணைப் பறித்ததும் கூரான ஒரு கருவி, எழுத்தைக் கொடுத்ததும் கூரான ஓர் ஊசி.

1828-இல் அதே பள்ளியில் துணையாசிரியர் ஆனார். 1833-இல் முழு ஆசிரியர். 1829-இல் தம் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். 1837-இல் அதைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு இலக்கணம், வரலாறு, கணக்கு, இசை என்று பலதும் சொல்லிக் கொடுத்தார். செல்லோ வாசிப்பார். பாரிஸ் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் பொறுப்பிலும் இருந்தார். சொந்தச் சம்பாத்தியம், சொந்த வேலை, சொந்த எழுத்து. அந்தக் காலத்தில் பார்வையற்ற ஒருவர் பாரிஸில் இப்படி வாழ்ந்தது சாதாரண விஷயம் இல்லை.

தடை

இவ்வளவு நல்ல முறையை உலகம் உடனே கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு.

மாணவர்கள் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். பள்ளித் தலைவர் பின்யேயும் ஆதரவாக இருந்தார். ஆனால் அரசு அதை அதிகாரபூர்வ முறையாக ஏற்கவில்லை. 1840-இல் பின்யே பதவியிலிருந்து அகற்றப்பட்டு, துஃபோ என்பவர் தலைவரானார். அவருக்குப் புள்ளி எழுத்து பிடிக்கவில்லை. பார்வையற்றவர்களுக்கு மட்டும் புரிகிற எழுத்து அவர்களைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது அப்போது பலர் சொன்ன வாதம். கண் தெரிந்த ஆசிரியர்களுக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றை மாணவர்கள் வாசிப்பதில் ஓர் அச்சமும் இருந்தது. துஃபோ புள்ளி முறையைத் தடை செய்து, நூலகத்தில் இருந்த புத்தகங்களையும் எரிக்கச் செய்தார் என்று பிரெயிலின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்போது லூயிக்கு முப்பது வயதுக்கு மேல். காசநோய் வேறு உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. அவர் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மாணவர்கள் விடவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கொருவர் புள்ளியில் எழுதிக்கொண்டார்கள், புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு முறை சொந்தமாக எழுதிப் பார்த்த விரலை மறுபடியும் கட்டிப்போட முடியுமா?

கடைசியில் துஃபோவின் துணையாளர் குவாதே நிலைமையைக் கவனித்துத் தலைவரின் மனத்தை மாற்றினார். 1844 பிப்ரவரி 22-இல் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழா. அங்கே எல்லார் முன்னிலையிலும் பிரெயிலின் முறை விளக்கப்பட்டது. ஒரு மாணவர் வெளியே அனுப்பப்பட, சபையில் சொன்னதை இன்னொருவர் புள்ளியில் எழுதினார். வெளியே போனவர் திரும்பி வந்து, விரலை ஓட்டித் தடையில்லாமல் வாசித்தார். மனப்பாடம் செய்து ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை.

இதற்கு நடுவிலும் லூயி சும்மா இருக்கவில்லை. பார்வையற்றவர்கள் கண் தெரிந்தவர்களுக்கும் எழுத வேண்டுமே என்று யோசித்து, சாதாரண எழுத்தின் வடிவத்தைப் புள்ளிகளால் அமைக்கும் ஒரு முறையை 1839-இல் வெளியிட்டார். அதே பள்ளியில் படித்த ஃபூக்கோ என்ற பார்வையற்றவர் அதற்கு ஓர் இயந்திரமே செய்தார். சமூகத்திலிருந்து பிரிந்து போவார்கள் என்று பயந்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் அதுதான். தன் அம்மாவுக்குத் தானே கடிதம் எழுதுவதற்கு வழி செய்துவிட்டார்.

கடன் பெட்டி

நோய் முற்றி, 1852 ஜனவரி 6-இல், 43 வயது நிறைந்து இரண்டே நாளில், அதே பள்ளியில் லூயி பிரெயில் காலமானார். தம் அறையில் இருந்த ஒரு சிறு பெட்டியைத் திறக்காமல் எரித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். ஆனால் திறந்து பார்த்துவிட்டார்கள். உள்ளே இருந்தவை, மாணவர்கள் அவரிடம் கடன் வாங்கியபோது எழுதிக் கொடுத்த சீட்டுகள். யாரும் திருப்பித் தர வேண்டாம், யாருக்கும் தெரியவும் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார் அந்த மனிதர்.

பள்ளிக்கு வெளியே பெரிதாக யாரும் அவர் மறைவைக் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1854-இல், பிரான்ஸ் அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடும் அதை ஆதரித்தது. இறந்து நூறாண்டு ஆனபோது, 1952-இல், பிரான்ஸ் தன் மாமனிதர்களை வைக்கும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டுபோனார்கள். கைகளை மட்டும் கூவ்ரே கிராமம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

தமிழுக்கு வந்த புள்ளி

இந்தியாவில் வெவ்வேறு மொழிக்காரர்கள் வெவ்வேறு புள்ளி முறைகளைப் பயன்படுத்திக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். 1951-இல் பாரதி பிரெயில் என்ற பொதுமுறை உருவானது. தமிழும் அதில் சேர்ந்தது. ஒலி ஒத்துப்போகிற இடத்தில் ஆங்கிலத்துக்கு உள்ள வடிவமே தமிழுக்கும். எழுதும் வரிசையும் சொல்கிற வரிசைதான். அச்சில் கொ என்று எழுத, முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் வேண்டும். பிரெயிலில் முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று தொல்காப்பியக் காலத்திலிருந்து நாம் படிக்கிறோமே, அதை விரல் நேராகவே தொட்டுப் பார்க்கிறது.

நம் கையில் இருப்பது

நம் குடும்பங்களில் இன்றும் ஒரு பழக்கம் இருக்கிறது. பார்வை இல்லாத பிள்ளை பிறந்தால் முன்வினை என்று சொல்லிவிட்டு, பாசத்தோடு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். அன்பு குறைவில்லை, ஊட்டிவிடுகிறோம், குளிப்பாட்டிவிடுகிறோம், இருபது வயசிலும் செருப்பு மாட்டிவிடுகிறோம். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. வினை என்றால் செயல் என்றுதானே பொருள்? நேற்றைய வினையைப் பற்றிப் பேசுகிற நாம் இன்றைக்குச் செய்ய வேண்டிய வினையை ஏன் விட்டுவிடுகிறோம்? சேணக்காரர் சிமோன் ரெனே தத்துவம் பேசவில்லை. ஒரு கோலைச் செதுக்கிக் கொடுத்தார்.

நம் பந்திங் வட்டாரத்தில் அப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால், இயக்க இளைஞர்கள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்ய உதவ வேண்டும். பார்வையற்றோருக்கான பள்ளி, பயிற்சி மையம் பற்றிப் பெற்றோரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். பிள்ளையை வெளியூரில் விட்டுவிட்டு எப்படித் தூங்குவது என்று அம்மா அழுவார். அந்த அழுகை நியாயமானது. கூவ்ரேயில் மோனிக் அம்மாவும் பத்து வயதுப் பிள்ளையைப் பாரிஸுக்கு அனுப்பியவர்தான் என்று அவருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப்போய், தனியாக நடந்து, சமைத்து, சம்பாதிக்கிறவர்களிடம் பேச வையுங்கள். நாம் பத்து தடவை சொல்வதைவிட அது பலன் தரும்.

நமக்கும் சில பாடங்கள் உண்டு. மஞ்சள் கல் மேல் மோட்டார்சைக்கிளை நிறுத்தாதீர்கள். அது ஒருவருடைய பாதை. உதவி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொண்டு உங்கள் பின்னால் வருவார். அவரைப் பிடித்துத் தள்ளாதீர்கள். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே விலகுங்கள், கோபப்பட வேண்டியதில்லை.

2019 முதல் ஐக்கிய நாடுகள் சபை ஜனவரி 4-ஐ உலக பிரெயில் தினமாகக் கடைப்பிடிக்கிறது. நம் கிளைகளும் அன்றைக்கு ஒரு நிகழ்ச்சி வைக்கலாம். அன்னதானமும் பொன்னாடையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நின்றுவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பிரெயில் வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஆசிரியராக அழைத்து மேடையில் உட்கார வையுங்கள். நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் அ, ஆ கற்கட்டும். முதல் பத்து வடிவங்களைப் பிடிப்பதற்குள்ளேயே, அந்தப் பதினைந்து வயதுப் பையன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்கள் விரலுக்குத் தெரிந்துவிடும்.